ரோடு யாருடையது? – ஒரு வாத்தியாரின் தாமதமான பதில்

முழங்கால் வலி இப்போது பரவாயில்லை, விசாரித்தவர்களுக்கு நன்றி. இது நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மணி அடித்த பிறகும் பாடம் நடத்துகிறவன் என்று என்னைப் பற்றி நீங்கள் பேசிக்கொண்டது எனக்குத் தெரியாமல் இல்லை.

போன வாரம் 1992 செட் பத்தாம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. நம்ம ஊர் ஜி.எஸ்.டி. ரோட்டில், காருக்குள் இருந்து யாரோ எடுத்தது. ஒரு அம்மா தலையில் புல்லுக்கட்டோடு சென்டர் மீடியனில் ஏறி இறங்கி அந்தப் பக்கம் போகிறார். கார்க்காரர் பிரேக் அடிக்கிறார், ஹாரன் அடிக்கிறார், பிறகு எழுத முடியாத வார்த்தைகளில் திட்டுகிறார். கீழே வரிசையாக உங்கள் கருத்துகள். "இந்த ஜனங்க திருந்தவே மாட்டாங்க." "செத்தா நம்ம மேல கேஸ்." இதற்கு நடுவில் ஒருவன் என்னை இழுத்துவிட்டான்: "சார், நீங்க ஹிஸ்டரி. வெளிநாட்டுக்காரன் மட்டும் எப்படி ரோட்டை ஒழுங்கா கிராஸ் பண்றான்? நம்மாளுக்கு ஏன் அந்தப் புத்தி இல்ல?"

இரண்டு வரி தட்டினேன், அழித்தேன். மறுபடி தட்டினேன், அழித்தேன். இருபது வருஷத்துக்கு முன்னால் இதே கேள்விக்கு யோசிக்காமல் பதில் சொன்னவன் நான். அந்தப் பதிலைத் திரும்பச் சொல்ல இப்போது மனசு வரவில்லை. ஏன் என்பதற்குத்தான் இந்தப் பதிவு.

முதலில் பாடம்.

ரோடு என்பது வண்டி ஓடும் இடம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இந்த நினைப்புக்கு நூறு வயசுதான் இருக்கும். அதற்கு முன் பல நூறு ஆண்டுகளாக ரோடு என்பது நடக்கிறவனுக்கு உரியது. மாட்டுவண்டி, குதிரைவண்டி எல்லாம் அவனோடு சேர்ந்து போனவை. தர்மபுரிப் பக்கம் அதியமான் பெருவழி என்று எழுதிய மைல்கல் கிடைத்திருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நாவற்றாவளம் என்ற ஊருக்கு இன்னும் 29 காதம் என்று அதில் பொறித்திருக்கிறது. எழுத்தில் பொறித்ததோடு விடவில்லை. எண்ணுக்குக் கீழே இரண்டு பெரிய குழி, ஒன்பது சிறிய குழி. படிக்கத் தெரியாத வழிப்போக்கன் விரலால் தடவிப் பார்த்தே தூரம் தெரிந்துகொள்வான். அந்தக் கல்லை வெட்டியவன் மனசில் யார் இருந்தான் என்று பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாத, கால்நடையாகப் போகிற ஒரு சாதாரண ஆள்.

ராணி மங்கம்மாள் காலத்துச் சாலைகளைப் பற்றிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். மரம், சத்திரம், கிணறு என்றுதான் அந்தச் சாலைகளின் பெருமை பேசப்படுகிறது. நம்ம ஊர் எல்லையில் ஒரு சுமைதாங்கிக் கல் இருந்தது, நினைவிருக்கிறதா? இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே வைத்திருக்கும். தலைச்சுமையோடு வருகிறவர் யாருடைய உதவியும் இல்லாமல் சுமையை அதில் தள்ளிவிட்டு மூச்சு வாங்கலாம். கர்ப்பத்தோடு இறந்துபோன பெண்களின் நினைவாக அந்தக் கற்களை வைப்பது நம் பக்கத்து வழக்கம். ரோட்டை அகலப்படுத்தியபோது முதலில் போனது அதுதான். நானும் அன்றைக்கு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நெல் காயப்போட்டது, தேர் இழுத்தது, சந்தை கூடியது, சாவு ஊர்வலம் போனது எல்லாமே ரோட்டில்தான். 1980 வாக்கில்கூட நம்ம பள்ளிக்கு எதிரே புளியமரத்தடியில் பாண்டி விளையாடிய பெண்பிள்ளைகள் பஸ் வந்தால் எழுந்து, போனதும் உட்கார்வார்கள். இதைப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. அந்தக் காலத்திலும் மாட்டுவண்டிச் சக்கரத்தில் கால் போனவர்கள் உண்டு. ஆனால் ரோட்டில் கால் வைத்ததற்காக யாரும் யாரையும் புத்தி கெட்டவர் என்று சொன்னதில்லை.

சரி, வெளிநாட்டுக்காரன் கதைக்கு வருவோம்.

இங்கிலாந்தில் 1865-ல் ஒரு சட்டம் போட்டார்கள். நீராவி வண்டி ரோட்டில் போனால் நாட்டுப்புறத்தில் மணிக்கு 4 மைல், ஊருக்குள் 2 மைல் வேகத்தைத் தாண்டக் கூடாது. வண்டிக்கு 60 கெஜம் முன்னால் ஒரு ஆள் சிவப்புக் கொடியைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். இன்றைக்கு இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். நானும் வகுப்பில் இதை வேடிக்கையாகச் சொல்லி உங்களைச் சிரிக்க வைத்திருக்கிறேன். கொஞ்சம் நின்று யோசித்தால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது: ஆபத்தைக் கொண்டு வருகிறவன்தான் எச்சரிக்கை செய்ய வேண்டும் என்பது. கொடி பிறகு போனது. 1896-ல் முன்னால் நடக்கிற ஆளும் போனார்.

அதே 1896, ஆகஸ்ட் 17. லண்டன் கிரிஸ்டல் பேலஸ் மைதானத்தில் பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்ற 44 வயதுப் பெண்மணி தன் மகளோடு நடந்து போகிறார். அங்கே மக்களுக்குக் காட்டுவதற்காக ஓட்டிக்கொண்டிருந்த மோட்டார் வண்டி ஒன்று அவர்மேல் ஏறிவிட்டது. பிரிட்டனில் மோட்டார் கார் மோதி இறந்த முதல் பாதசாரி என்று பதிவாகியிருப்பவர் அவர். மணிக்கு 4 மைல் வேகத்தில்தான் போனேன் என்று ஓட்டியவர் சொன்னார். விசாரணையில் தற்செயல் மரணம் என்று தீர்ப்பானது. இனி இப்படி ஒன்று நடக்காது என்று நம்புவதாக விசாரணை அதிகாரி சொன்னாராம். பாவம், நல்ல மனுஷன்தான்.

அடுத்தது அமெரிக்கா. இதைக் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் 'ஒழுங்கு' பிறந்த இடம் இதுதான். 1920-களில் அந்த நாட்டு நகரங்களில் கார் பெருகியது. செத்தவர்களில் பாதசாரிகளும் குழந்தைகளும் ஏராளம். அன்றைக்கு அமெரிக்க மக்கள் நடக்கிறவரைத் திட்டவில்லை. காரைத்தான் திட்டினார்கள். இறந்த குழந்தைகளுக்காக ஊர்வலம் போனார்கள், நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். 1923-ல் சின்சினாட்டி நகரத்தில் 42,000 பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டு ஒரு கோரிக்கை வைத்தார்கள்: ஊருக்குள் ஓடும் ஒவ்வொரு காரிலும் மணிக்கு 25 மைலுக்கு மேல் போக முடியாதபடி கருவி பொருத்த வேண்டும். நம் கணக்கில் 40 கிலோமீட்டர். கார் விற்பவர்கள் பயந்துபோனார்கள். பெரிய பிரசாரம் செய்தார்கள். வாக்கெடுப்பில் கோரிக்கை தோற்றது.

அந்தப் பயத்துக்குப் பிறகுதான் கார்த் தொழில்காரர்கள் வேறு வழியில் போனார்கள். 'ஜே' என்றால் அவர்கள் பேச்சு வழக்கில் பட்டிக்காட்டான். பட்டணத்து ரோட்டில் கண்ட இடத்தில் நடக்கிறவனுக்கு 'ஜேவாக்கர்' என்று பெயர் வைத்துப் பரப்பினார்கள். சாரணச் சிறுவர்களை நிறுத்தி, குறுக்கே போகிறவர்களுக்கு அட்டை கொடுத்துப் புத்தி சொல்ல வைத்தார்கள். 1924-ல் நியூயார்க் பாதுகாப்புப் பிரசாரம் ஒன்றில் ஒரு கோமாளியை நடக்க விட்டு, பின்னாலிருந்து ஒரு கார் மெதுவாக அவனைத் திரும்பத் திரும்ப இடிப்பதுபோல் காட்டினார்கள். கூட்டம் சிரித்தது. 1925-ல் லாஸ் ஏஞ்சலஸ் நகரம் பாதசாரிகள் எங்கே கடக்கலாம், எங்கே கூடாது என்று விதி போட்டது. மற்ற ஊர்கள் அதைப் பின்பற்றின. இந்தக் கதையை முழுசாக ஆராய்ந்து எழுதியவர் பீட்டர் நார்ட்டன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர்.

இதில் என்னைக் குத்திய ஒரு செய்தி உண்டு. அதே காலத்தில் அங்கே மோட்டார் சங்கங்கள் பள்ளிக்கூடங்களுக்குள் வந்தன. சாலைப் பாதுகாப்புப் பாடம், ஓவியப் போட்டி, பரிசு. பாடத்தின் சாரம் ஒன்றே ஒன்று: ரோடு உனக்கானது இல்லை, ஓரமாய் இரு.

ஜனவரி மாதம் சாலைப் பாதுகாப்பு வாரம் வந்தால் நம்ம பள்ளியில் ஓவியப் போட்டி நடத்தியது யார்? அடியேன்தான். முதல் பரிசு டிபன் பாக்ஸ். பெரும்பாலும் ஒரே படம்: குறுக்கே ஓடும் பையன், லாரி, சிவப்பு மை. கீழே 'கவனமின்மை உயிரைக் குடிக்கும்'. ஒரு வருஷமாவது அந்த லாரி ஓட்டுகிறவரைப் பற்றியோ, அந்த ரோட்டைப் போட்டவரைப் பற்றியோ படம் வரையச் சொல்லியிருக்கிறேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். இல்லை.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

நாலு வழிச்சாலை வந்த இரண்டாவது வருஷம், ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் மாலை மணி அடித்து வீட்டுக்குப் போகும்போது நம்ம பள்ளிக்கு எதிரே அடிபட்டு இறந்தான். பெயரை எழுதப் போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும். காலனி வீடுகள் ரோட்டுக்கு அந்தப் பக்கம். மறுநாள் காலை இறைவணக்கக் கூட்டத்தில் தலைமையாசிரியர் என்னைப் பேசச் சொன்னார். இரண்டு நிமிட மௌனத்துக்குப் பிறகு பேசினேன். எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், வலது பக்கம் பார், இடது பக்கம் பார், மறுபடி வலது பக்கம் பார் என்று, அவன் பார்க்காமல் ஓடினான், நீங்களாவது பார்த்துப் போங்கள், என்றேன். சின்னப் பிள்ளைகள் அழுதார்கள். நன்றாகப் பேசினீர்கள் என்று சக ஆசிரியர் ஒருவர் சொன்னார்.

ஒரு மாதம் கழித்து அவன் அம்மா ஏதோ ஒரு சான்றிதழுக்காகப் பள்ளிக்கு வந்தார். வராண்டாவில் என்னைப் பார்த்து எழுந்து நின்றார். "சார், அவன் பாக்காம ஓடினான்னு நீங்க சொன்னதா பசங்க சொன்னாங்க. டீக்கடைக்காரரு பாத்தாராம் சார். நின்னு பாத்துட்டுத்தான் போனானாம்." கோபமாகச் சொல்லவில்லை. ஒரு தப்பைத் திருத்தச் சொல்லிக் கேட்பதுபோல் சொன்னார். நான் "சரிம்மா, உட்காருங்க" என்றேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பேச்சைத் திருத்தி மறுபடி ஒரு கூட்டத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அந்த வார சனிக்கிழமை, பி.டி. மாஸ்டரிடம் ஸ்டாப்வாட்ச் கடன் வாங்கிக்கொண்டு நானே ரோட்டுக்குப் போனேன். கணக்கு எளிது, நீங்களும் போட்டுப் பாருங்கள். ஒரு பக்கத்து இரண்டு தடமும் சேர்ந்து 7 மீட்டர். சாதாரணமாக நடக்கிறவர் நொடிக்கு 1.2 மீட்டர் போவார். ஆக, ஆறு நொடி. மணிக்கு 100 கிலோமீட்டரில் வருகிற கார் ஆறு நொடியில் 165 மீட்டர் வந்துவிடும். வயசான அம்மா, தலையில் சுமை என்றால் நொடிக்கு 0.8 மீட்டர்கூடக் கஷ்டம். ஒன்பது நொடி, கார் 250 மீட்டர் வந்துவிடும். நம்ம பள்ளி வாசலில் நின்று தெற்கே பார்த்தால் வளைவு இருக்கிறது. அது வரைக்கும் எத்தனை மீட்டர் என்று சைக்கிள் டயர் சுற்றை எண்ணி அளந்தேன். 140 மீட்டர்.

புரிகிறதா? அவன் நின்று பார்த்தபோது ரோடு காலியாகத்தான் இருந்திருக்கும். நான் சொல்லிக்கொடுத்தபடியே செய்திருக்கிறான். நான் சொல்லிக்கொடுத்த விதி அந்த ரோட்டுக்குப் போதாது.

பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஸ்வீடனில் ஸ்டீனா சாண்டல்ஸ் என்ற உளவியலாளர் 1960-களிலேயே குழந்தைகளையும் போக்குவரத்தையும் ஆராய்ந்திருக்கிறார். வருகிற வண்டியின் வேகத்தையும் தூரத்தையும் சேர்த்துக் கணிப்பது, ஒரே நேரத்தில் பல பக்கம் கவனிப்பது, சத்தம் எந்தத் திசையில் இருந்து வருகிறது என்று பிரித்தறிவது எல்லாம் சிறு வயதில் முழுசாக வளராத திறமைகள். எத்தனை பாடம் எடுத்தாலும் குழந்தையைப் போக்குவரத்துக்கு ஏற்றபடி மாற்ற முடியாது, போக்குவரத்தைத்தான் குழந்தைக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும் என்பது அவருடைய முடிவு. நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே ஒருவர் சொல்லிவிட்ட விஷயம் இது. எங்கள் ஆசிரியர் பயிற்சியில் யாரும் சொல்லவில்லை.

வீடியோவில் வந்த அந்த அம்மாவுக்கு வருகிறேன். (நம்ம ஊர்க்காரர்கள் பலருக்கு அவரை அடையாளம் தெரிந்திருக்கும். தெரிந்தும் சிரித்தீர்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.) அவருடைய வீடு மேற்கே, கரம்பு கிழக்கே. ரோடு வருவதற்கு முன்பே அப்படித்தான். ரோடு ஊரை இரண்டாக வெட்டிக்கொண்டு போனது. கடக்கச் சுரங்கப்பாதை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஒன்றரை கிலோமீட்டர் வடக்கே. போய் வர மூன்று கிலோமீட்டர், தலைச்சுமையோடு முக்கால் மணி நேரம். ஐப்பசி, கார்த்திகையில் அதற்குள் முழங்கால் தண்ணீர். இருபத்தைந்து மீட்டர் கடக்க மூன்று கிலோமீட்டர் நடக்கச் சொன்னால் நீங்கள் நடப்பீர்களா? உங்கள் காருக்கு யு-டர்ன் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தால் என்ன செய்கிறீர்கள்? பைக்கை எதிர்த் திசையில் விடுகிறீர்கள். அதை யாரும் வீடியோ எடுப்பதில்லை. அந்த எதிர்த் திசை பைக்குகளால்தான் 'வலது, இடது, வலது' சூத்திரமே நாலு வழிச்சாலையில் செத்துப்போனது. எந்தப் பக்கமிருந்தும் வரும்.

நடைமேம்பாலம் கட்டினால் என்ன என்று இன்னொருவர் கேட்டிருந்தார். நெடுஞ்சாலைக்கு மேலே ஐந்தரை மீட்டர் இடைவெளி விட வேண்டும். பாலத்தின் தடிமனையும் சேர்த்தால் ஏறுவதற்கு நாற்பது படி, இறங்குவதற்கு நாற்பது படி. என் முழங்காலைப் பற்றி மேலே எழுதியிருக்கிறேன். டெல்லி ஐ.ஐ.டி.யில் தினேஷ் மோகன், கீதம் திவாரி போன்றவர்கள் பல ஆண்டுகளாக எழுதியும் பேசியும் வந்தது இதைத்தான்: பாதசாரி சுற்று வழியில் போக மாட்டான், நேர் வழியில்தான் போவான், அது குணக்கேடு இல்லை, உடம்பின் கணக்கு, ரோட்டு மட்டத்திலேயே கடக்க வழி கொடுத்து வண்டியின் வேகத்தைக் குறைப்பதுதான் வேலை செய்யும். கோவிட் இரண்டாம் அலையில், 2021 மே மாதம், தினேஷ் மோகன் இறந்துபோனார். பத்திரிகைகளில் சின்னதாக வந்தது.

அப்படியானால் நடக்கிறவர் என்ன செய்தாலும் சரியா என்று கேட்காதீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. போன் பார்த்துக்கொண்டே இறங்குகிறவன், குடித்துவிட்டு இருட்டில் தள்ளாடுகிறவன், பஸ்ஸுக்கு முன்னால் பாய்கிறவன் எல்லாரும் இருக்கிறார்கள். பேரனுக்கு இன்றும் நான் 'வலது, இடது, வலது' சொல்லிக்கொடுக்கிறேன், கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. ஆனால் மனுஷன் தப்புச் செய்வான் என்பது தெரிந்த விஷயம். தப்புச் செய்தவனுக்கு மரண தண்டனை கொடுக்கிற மாதிரி ஒரு ரோட்டைப் போட்டுவிட்டு, செத்த பிறகு அவன் புத்தியைக் குறை சொல்வதுதான் எனக்கு ஒப்பவில்லை.

வெளிநாட்டில் ஒழுங்கு எப்படி வந்தது என்ற கேள்விக்கு இரண்டு ஊர்க் கதை சொல்கிறேன். நெதர்லாந்தில் 1971-ல் மட்டும் சாலை விபத்துகளில் சுமார் 3,300 பேர் இறந்தார்கள். அதில் 400-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். மகளை இழந்த ஒரு பத்திரிகையாளர் 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்ற தலைப்பில் எழுத, அதுவே ஓர் இயக்கத்தின் பெயரானது. தாய் தகப்பன்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள், தெருவை மறித்து மேஜை போட்டுச் சாப்பிட்டார்கள். அதன் பிறகுதான் குடியிருப்புத் தெருக்களில் வேகத்தை வெட்டினார்கள், வளைவு வைத்தார்கள், சைக்கிளுக்குத் தனிப்பாதை போட்டார்கள். இன்றைக்கு அங்கே போய் வந்த நம்ம பிள்ளைகள் அந்த ஜனங்கள் எவ்வளவு ஒழுங்கு என்று எழுதுகிறீர்கள். அவர்கள் நடக்கும் ரோடு வேறு, அப்பா.

பணக்கார நாடு என்பீர்கள். சரி, கொலம்பியா. பொகோட்டா நகரம் 1990-களில் துப்பாக்கிக்கும் போக்குவரத்துக்கும் பேர் போன ஊர். 1995-ல் ஆன்டனாஸ் மோக்கஸ் என்ற கணிதம், தத்துவம் படித்த பேராசிரியர் மேயரானார். (வாத்தியார் மேயரானால் என்ன ஆகும் என்பதற்கு அவர் ஒரு உதாரணம்.) தெரு முனைகளில் முகத்தில் வெள்ளை பூசிய ஊமை நாடகக் கலைஞர்களை நிறுத்தினார். வரிக்குதிரைக் கோட்டில் காரை நிறுத்தியவனையும், குறுக்கே ஓடியவனையும், பேசாமல் நடித்துக் காட்டிக் கேலி செய்தார்கள். பாதசாரி இறந்த இடங்களில் ரோட்டில் நட்சத்திரம் வரைந்தார்கள். இந்தக் கதையைப் பலரும் இத்தோடு நிறுத்தி, பார்த்தீர்களா மக்கள் மனசை மாற்றினால் போதும் என்கிறார்கள். அது அரைக் கதை. மதுக்கடை மூடும் நேரத்தை முன்னே கொண்டு வந்தார்கள். அடுத்து வந்த மேயர் என்ரிக்கே பெனலோசா நடைபாதையில் ஏறி நின்ற கார்களைக் கம்பம் நட்டு விரட்டினார், நடைபாதைகளை அகலப்படுத்தினார், பஸ்ஸுக்குத் தனித் தடம் போட்டார். பத்து ஆண்டில் சாலைச் சாவு பாதிக்கும் கீழே வந்தது. நியூயார்க் கோமாளியும் பொகோட்டா ஊமைக் கலைஞர்களும் செய்தது ஏறக்குறைய ஒரே வித்தைதான். ஒன்று நடக்கிறவனை மட்டும் கேலி செய்தது, மற்றது ஓட்டுகிறவனையும் கேலி செய்தது.

நம் கணக்கைப் பாருங்கள். 2022-ல் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் பாதசாரிகள் 32,825. நாளைக்குத் தொண்ணூறு பேர். அந்த ஆண்டு விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதல் இடம் தமிழ்நாட்டுக்கு: 64,105 விபத்து, 17,884 சாவு. நடந்து போய்ச் செத்தவர்களை யார், எங்கே, எதற்காகக் கடந்தார்கள் என்று யாராவது வரிசைப்படுத்தினால் பால் ஊற்றப் போனவர், பஸ் பிடிக்கப் போனவர், பள்ளிக்கூடம் போனவர் என்றுதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

உங்களில் ஒருவன் ஆம்னி பஸ் ஓட்டுகிறான். அவன் போன தீபாவளிக்கு வந்தபோது சொன்னான்: "சார், ராத்திரி நூறுல வர்றப்ப டிம் லைட்ல அம்பது மீட்டர்தான் தெரியும். ஆளைப் பாத்து பிரேக் வெச்சா வண்டி நிக்க நூறு மீட்டர் ஆகும். நடுவுல அம்பது மீட்டர் சாமி கையிலதான்." சொல்லிவிட்டுக் காபியைக் குடிக்காமல் வைத்துக்கொண்டே இருந்தான். அவனுக்கும் ஒரு ராத்திரி இருந்திருக்கிறது போல. நான் கேட்கவில்லை. ஓட்டுகிறவனையும் சேர்த்துத்தான் இந்த ரோடு தின்கிறது.

ஒன்றுமே மாறவில்லை என்று சொன்னால் அது பொய். கோயம்புத்தூர் எலும்பு முறிவு மருத்துவர் ராஜசேகரன், அடிபட்டு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். அந்த வழக்கில்தான் 2014-ல் சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்தது. அதே வழக்கில் 2025 மே மாதம், தடையில்லாத நடைபாதை என்பது அரசியலமைப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையில் அடங்கும் என்று நீதிமன்றம் சொன்னது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 198-ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். பாதுகாப்பு விதிப்படி ரோட்டை வடிவமைக்காமல், பராமரிக்காமல் விட்டு அதனால் சாவு நேர்ந்தால், ஒப்பந்தக்காரருக்கும் பொறுப்பான அமைப்புக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். தொகை சிரிக்கத்தக்கதுதான். ஆனால் ரோடும் குற்றவாளியாகலாம் என்று எழுத்தில் வந்துவிட்டது. சென்னை மாநகராட்சி 2014-லேயே நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் தனிக் கொள்கை வகுத்தது; பாண்டி பஜாரில் 2019-ல் அகல நடைபாதை வந்தது. தீபாவளித் துணி எடுக்கப் போனால் நடந்து பாருங்கள், நன்றாக இருக்கிறது. நம்ம ஊர் மாதிரி நெடுஞ்சாலை வெட்டிய ஊர்களுக்குத்தான் இன்னும் ஒன்றும் வந்து சேரவில்லை.

மோதிவிட்டு நிற்காமல் போன வண்டியால் இறந்தவர் குடும்பத்துக்கு 2022 ஏப்ரல் முதல் இரண்டு லட்சம் ரூபாய் இழப்பீடு உண்டு. முன்பு 25,000-தான். நம்ம பக்கத்தில் பலருக்கு இது தெரியாது. தெரிந்தவர்களுக்குச் சொல்லுங்கள்.

இரண்டு மாதமாகக் காலை எட்டேகாலிலிருந்து ஒன்பதேகால் வரை நானும், ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டரும், டீக்கடைக்காரர் மகனும் பள்ளி வாசலில் நிற்கிறோம். கையில் ஒரு சிவப்புத் துணி. வண்டிகள் திட்டிக்கொண்டே நிற்கின்றன. பிள்ளைகளைக் கூட்டமாகக் கடத்திவிடுகிறோம். முதல் வாரம் போஸ்ட்மாஸ்டர் ஒரு நோட்டில் எண்ணி எழுதினார். ஒரு மணி நேரத்தில் அந்த இடத்தில் கடந்தவர்கள் சராசரி 212 பேர். அதே நேரத்தில் சுரங்கப்பாதையில் போனவர்கள் 9 பேர்.

இந்தக் கணக்கையும், வளைவு வரையுள்ள 140 மீட்டரையும் (இந்த முறை டேப் பிடித்து அளந்தோம், 138) சேர்த்து ஒரு மனு எழுதியிருக்கிறேன். பள்ளிக்கு இரு பக்கமும் வேகத்தடைப் பட்டைகள், மீடியனில் ஒதுங்கி நிற்க இடத்தோடு ஒரு திறப்பு, மஞ்சள் சிக்னல் விளக்கு, சுரங்கப்பாதைக்கு மோட்டார். அக்டோபர் 2 கிராம சபையில் வைத்துத் தீர்மானமாக்கி, சாலையைப் பராமரிக்கும் அலுவலகத்துக்கும் கலெக்டருக்கும் அனுப்பப் போகிறோம். அன்றைக்கு விடுமுறைதான், ஊருக்கு வர முடிந்தவர்கள் வாருங்கள், கையெழுத்து வேண்டும். நெடுஞ்சாலைத் துறையில் இருக்கிற தம்பி, மனுவின் நகலை உனக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன், தொழில்நுட்ப வார்த்தை தப்பாக இருந்தால் திருத்திக் கொடு.

மனுவில் முதல் கையெழுத்து அந்தப் பையனின் அம்மா போட்டிருக்கிறார். போன செவ்வாய்க்கிழமை வீட்டுக்குப் போய் வாங்கினேன். டீக்கடைக்காரர் சொன்னதுதான் சரி என்று அவரிடம் சொன்னேன். "தெரியும் சார்" என்றார்.